வாங்கோ என்றதா, வா என்றதா

எங்கள் அக்காவைப் பற்றி நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். உட்கார்ந்து எழுதும் ஆள் நானில்லை. இதற்குள் மூன்று முறை எழுந்து வாசல் படலை வரை போய் வந்துவிட்டேன்.

அக்கா தண்ணீரூற்றில் பிறந்து, வட்டக்கச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். இடம்பெயர்வுகளில் வீட்டையும் அத்தானையும் இழந்தார். திரும்பி வந்து தனியாளாக வயல் செய்து இரு பிள்ளைகளையும் ஆளாக்கினார். யாரிடமும் கையேந்தியதில்லை. சலரோகம் என்கிற நீரிழிவால் பார்வை மங்கிய பிறகுதான், எந்தக் குருவி கத்துகிறதென்று காதால் கேட்டுக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். தான் கேட்காத எதையும் அதில் எழுதமாட்டார்.

வாய்க்கால் கரைப் பற்றைக்குள் தையல்சிட்டும் கதிர்க்குருவியும் ஒளிந்திருந்து, ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிக் கத்தும். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

"கவனிச்சுக் கேள் தம்பி. தையல்சிட்டு மரியாதை தெரிஞ்சது, வாங்கோ வாங்கோ எண்டு இழுக்கும். கதிர்க்குருவி வா, வா, வா எண்டு வெட்டிக் கூப்பிடும்" என்பார் அக்கா. கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு எங்கே பொறுமை?

கடைசி மாதம் அவர் கட்டிலோடு கிடந்தார். ஒரு காலை பற்றைப் பக்கமிருந்து சத்தம் மெல்லியதாக வந்தது.

"எதெண்டு பிடிபடேல்லை. ஒருக்காப் போய்க் கேட்டுக்கொண்டு வாறியே?"

"ஓம், போறன்" என்று புறப்பட்டேன். பாதி வழியில் தொலைபேசி அடித்தது. உழவுக்கு வருவதாகச் சொன்ன உழவு இயந்திரக்காரர், இன்றைக்கு வரமாட்டாராம். அவரோடு சண்டை பிடித்து முடித்த சூட்டில், பற்றையடிக்குப் போகாமலே திரும்பிவிட்டேன்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

"வாங்கோ எண்டுதான் கூப்பிட்டது."

அக்கா சிரித்தார். "உனக்கு ஆரடா வாங்கோ சொல்லுறது?" என்றபடி கொப்பியை வாங்கி, தடவித் தடவி 'தையல்சிட்டு' என்று எழுதினார். நாலாம் நாள் போய்விட்டார்.

அன்று முதல் காலையில் அந்தப் பற்றையடியில் போய் நிற்கிறேன். இப்போது எனக்குப் பேதம் தெரிகிறது. இரண்டுமே அங்கே கத்துகின்றன. அன்றைக்குக் கத்தியது எது என்று இனி யாரைக் கேட்பது?

பந்தல் போட்டுத் தந்த அயலவர்களுக்கும், கடைசிவரை வீடு தேடி வந்து அக்காவின் கால் புண்ணுக்கு மருந்து கட்டிய தாதிக்கும், தூரதேசங்களிலிருந்து ஓடி வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

தன் காதை மட்டுமே நம்பிய அக்கா, ஒரே ஒரு முறை என் காதை நம்பி எழுதினார். அந்தக் கொப்பியில் கைவைக்க எனக்கு உரிமையில்லை. அதனால் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இங்கே எழுதுகிறேன்: அக்கா, நான் போய்க் கேட்கவில்லை.