ஆடி முடிவதற்குள் தீர வேண்டிய வலி

தாம்பத்திய உறவில் வலி என்று வரும் பெண்ணுக்கு உளச்சிகிச்சை அளிப்பவர், அந்த வலி உண்மையானது என்று குடும்பத்துக்கு நிறுவுவதிலேயே பாதிக் காலத்தைக் கழிக்கிறார். இத்தொழிலில் உழலும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

துணைக்கு வந்தவர்

மஞ்சுளா, நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்து மருமகள். தையில் திருமணம். கணவனுக்கு ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. முதல் நாளிலிருந்தே, உறவுக்கு முயலும்போதெல்லாம் அவளுடைய தசைகள் தாமாக இறுகிக்கொண்டன. வலி தாளாமல் விலகினாள். மகப்பேறு மருத்துவர் உறுப்பில் குறையில்லை என்று எழுதி, திருப்பதியில் என்னிடம் அனுப்பினார்.

உடன் வந்த மாமியார், என் நரைத்த தலையைக் கண்டதும் தம் பக்கம் பேசுவேன் என்று எண்ணினார் போலும். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருப்பதாகவும், ஆவணி பிறப்பதற்குள் சரியாகாவிட்டால் அங்கேயே விட்டுவிடப் போவதாகவும் அறிவித்தார். "ஒடம்புல ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க டாக்டரம்மா. அப்போ இது திமிருதானே?"

உட்காராத நோயாளி

அவரை வெளியே அமரச் செய்தேன். மஞ்சுளாவோ நாற்காலியைத் தொடவில்லை. சன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டேயிருந்தாள். மற்றப் புதுப்பெண்கள் ஆடி எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள். இவள் அது முடிந்துவிடக் கூடாதே என்று தவித்தாள். உடல் தன்னைக் காத்துக்கொள்ளவே இறுகுகிறது, அது அவள் இட்ட கட்டளையன்று என்று முறையாக விளக்கினேன். பிறந்த வீட்டிலும் தறியோசையில் வளர்ந்த பெண் அதை ஒரே வரியில் முடித்துவிட்டாள். "ஊடை நூல் அறுந்தா தறி தானா நின்னுடுது மேடம், அத யாரும் திமிருன்னு சொல்றதில்லையே."

கணவனுக்கு விதித்த தடை

அடுத்த வாரம் கணவன் சேகர் வந்தான். மடியில் ஹெல்மெட், கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சுளா தானாகச் சொல்லும்வரை, ஆவணி வந்தாலும், உறவுக்கு முயலவே கூடாது என்றேன். வாதிடுவான் என்று எதிர்பார்த்தேன். கால் நின்றது. "மெய்யாலுமா மேடம்? வூட்டுக்குப் போறதுக்கே நானும் பயந்துக்கினு இருந்தேன்."

என் தவறு

மூச்சுப் பயிற்சி, தசையை இறுக்கித் தளர்த்துதல், பிறகு அவளே தன் உடலைத் தொட்டுப் பழகுதல் என்று படிப்படியாகச் சென்றோம். மூன்றாம் வாரம் நல்ல முன்னேற்றம். ஆவணிக்குள் முடித்துக் காட்டலாம் என்ற செருக்கில், இரண்டு படிகளை ஒரே வாரத்தில் திணித்தேன். அவசரப்படக் கூடாது என்று எத்தனையோ மாணவியரைக் கண்டித்தவள் நான்.

மறுமுறை வந்தபோது முதற்படியே அவளுக்குக் கைகூடவில்லை. மீண்டும் சன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். அடுத்து எப்போது வர முடியும் என்று கேட்டுக்கொண்டே நான் நாட்காட்டியைப் பார்த்தேன். அவள் நின்று, என்னையே பார்த்தாள். "நீங்களும் எங்க அத்த மாதிரியே நாள் எண்ணிக்கினு இருக்கீங்க."

ஆடியின் கடைசி நாள்

நாட்காட்டியை மறந்து, முதற்படியிலிருந்து மறுபடி தொடங்கினோம். ஆடி முடியும் நாளில் மாமியார் தனியாக வந்தார். வேறு பெண் பார்க்கும் பேச்சே வேண்டாம், மஞ்சுளா வரும்போது வரட்டும் என்று சேகர் சொல்லிவிட்டானாம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எண்ணி, பதில்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டேன். அவரோ கதவைச் சாத்தச் சொன்னார். மருமகள் செய்யும் பயிற்சிகள் என்னென்ன என்று கேட்டார். ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக வெகுநேரம் இருந்தார். "அவ எப்போ வர்றாளோ வரட்டும், நான் போய் அவசரப்படுத்தமாட்டேன். நாலு புள்ள பெத்தேன் டாக்டரம்மா. வலிக்குதான்னு ஒரு ஆளு கேக்கல."

மஞ்சுளாவின் வலி தீர மார்கழி ஆயிற்று; ஆகவே சகாக்களே, மருத்துவச் சீட்டில் பெயருள்ளவரைக் குணப்படுத்துவது நமக்குச் சில மாத வேலைதான், அவரை அழைத்து வந்தவருக்குச் சீட்டு எழுதத்தான் முப்பது ஆண்டுகள் தாமதமாகிவிடுகிறது.