சத்தம் வராத பெட்டி

சூடு பார்க்கப் புறங்கையைத்தான் வைப்பார். உள்ளங்கையை நம்ப மாட்டார். "உள்ளங்கை எப்பவுமே சூடு. அது சொல்ற சாட்சி செல்லாது" என்பார். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். சார்ஜரில் கிடக்கும் போனைத் திருப்பிப் போடுவார். மெத்தை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற பிள்ளைகளைக் கண்டால் முகம் வாடிப்போகும். "பாவம், அதுக்கு மூச்சு முட்டுது பாரும்மா. அடியில ஒரு பலகையக் குடேன்." தெருவில் எல்லோருக்கும் அவர் கூலிங் மாமா.

பிழைப்பும் அதுதான். மருந்துக் கிடங்கில் குளிர் அறைக்குப் பொறுப்பு. தடுப்பு மருந்துகள் அடுக்கியிருக்கும் அந்த அறையில் சூடு கொஞ்சம் ஏறினாலும் கதவுக்கு மேலே மணி அடிக்கும். மணி அடித்தால் பாதி குடித்த டீ பாதியிலேயே நிற்கும், மாமா அறைக்குள் இருப்பார். பேச்சை முடித்துவிட்டுப் போகலாம் என்கிற பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

அவர் வீட்டு ஹாலில் நடுநாயகமாக ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஓட்டை போட்ட தகரம், கதவு கிடையாது, முன்னும் பின்னும் ஃபேன். உள்ளே ஹார்டு டிஸ்க்குகள். வீட்டில் யார் போனில் படம் எடுத்தாலும் பாட்டுப் பாடி வைத்தாலும் தானாக இதற்குள் வந்து சேர்ந்துவிடும். அவரே கட்டிய வீட்டுச் சர்வர். பெட்டி போடுகிற இரைச்சலில் குக்கர் விசில் கேட்பதில்லை.

"ஏங்க, இது ஓடுதா, இல்ல பறக்கக் கெளம்புதா?" என்று மனைவி அடுக்களையிலிருந்து கேட்பார்.

ஃபேன் என்று பேச்செடுத்தால் சாப்பாட்டை மறந்து பாடம் நடத்துகிற மனுஷன், இதற்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவார். ஏனென்றால் இதற்கு முன் ஒரு பெட்டி இருந்தது.

அது அழகான பெட்டி. ரொட்டி டப்பா அளவுதான் இருக்கும். இரண்டு டிஸ்க், ஒன்று போனால் இன்னொன்றில் எல்லாம் இருக்கும். சின்னதாகச் செய்ய வேண்டும் என்கிற வெறியில் இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வைத்தார். இரண்டு ஃபேன் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வைத்தார். புத்தக அலமாரியில் கச்சிதமாக நுழைந்துகொண்டது. சூடு ஏறினால் சொல்வதற்குக் குட்டியாக ஒரு மணியும் வைத்தார். வருகிறவர்களையெல்லாம் அலமாரிக்கு முன்னால் நிறுத்துவார். "எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

அந்தப் பெட்டிக்குள்தான் அக்காவின் பாட்டும் இருந்தது.

அக்கா மேடையில் பாடியவள் இல்லை. துணி மடிக்கும்போதும் கீரை ஆயும்போதும் பாடுவாள். போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்துத் தானே பதிவு செய்துகொள்வாள். கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனதும் குரல் போய்விட்டது. பேச்சு வரும், உமியைத் தேய்த்த மாதிரி. பழைய பாட்டெல்லாம் போனில் இருந்தது. போன் நிரம்பிவிட்டது என்று அவள் சொன்னபோது கூலிங் மாமாதான் வாங்கினார். "எங்கிட்டக் குடுக்கா. பத்திரமா இருக்கும்." எல்லாவற்றையும் பெட்டியில் ஏற்றிவிட்டு, போனில் இருந்ததைத் தன் கையாலேயே அழித்துத் துடைத்துக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் சாப்பிட வந்திருந்தார்கள். நல்ல வெயில். மாமா வழக்கம்போல அலமாரி முன்னால் நின்றார். "சத்தமே வராது அத்தான். காத வச்சுப் பாருங்க."

அத்தான் காதை வைத்தார். கிண்டலில் கெட்டிக்காரர். "மாப்ள, உள்ள எதாவது இருக்கா, இல்ல வெறும் டப்பாவ வச்சு எங்களுக்குப் படம் காட்டுறியா?"

அவர் வாய் மூடவில்லை, பெட்டி கீச்சென்று கத்தியது. நின்றது. மறுபடி கத்தியது.

"இந்தா, பதில் சொல்லுது. கோவக்காரப் பெட்டி மாப்ள."

எல்லோரும் சிரித்தார்கள். கூலிங் மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்தார், இரண்டு தட்டு. மணி அடங்கியது. ஃபேனின் வேகத்தையும் அப்படியே குறைத்தார். "இப்ப கேளுங்க" என்றார். அலமாரிக் கதவைச் சாத்தினார், பார்க்க நன்றாக இருந்தது.

மணியைத் திரும்பப் போட மறந்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. மறுநாள் ஞாபகம் இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. மனைவி, "இப்பதான் நல்லாருக்கு" என்றார். இருக்கட்டும், சாயங்காலம் பார்ப்போம் என்று நினைத்தார். சாயங்காலம் யாரோ பெட்டியைப் பார்க்க வந்தார்கள். கிடங்கில் மணிக்கு ஓடுகிறவர், வீட்டில் தான் அமுக்கிய மணியை அமுக்கியபடியே விட்டுவைத்தார். கோடை முழுக்க அந்த இரண்டு டிஸ்க்கும் சாத்திய கதவுக்குள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு கிடந்தன.

முதலில் ஒன்று போனது. புதிதாக ஒன்று மாட்டி, மிச்சம் இருந்ததிலிருந்து எல்லாவற்றையும் மாற்றத் தொடங்கினார். ஏற்கெனவே வெந்துபோயிருந்த அது பாதி வேலையில் டக் டக் என்று அடித்துக்கொண்டு அதுவும் நின்றது. டிஸ்க்கைப் பிரித்துப் பார்க்கும் கடைக்கு இரண்டையும் எடுத்துப் போனார். அவர்கள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

அக்காவிடம் போய், "டிஸ்க்கே சொத்தைக்கா. வாங்குறப்பவே கோளாறு" என்றார்.

அக்கா அந்தத் தேய்ந்த குரலில், "மிஷின்தானடா. நீ என்ன பண்ணுவ? மூஞ்சிய இப்படி வச்சுக்காத, மொதல்ல சாப்பிடு" என்றாள். தட்டு வந்தது. டிஸ்க் செய்தவனை அத்தான் பரம்பரையோடு திட்டினார். மாமா சார்பாக! தன்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கூலிங் மாமா தாங்கியிருப்பார். கூசிப்போய்க் கையைக் கழுவினார்.

அப்புறம்தான் இந்த இரைச்சல் பெட்டி. யாரையும் கூப்பிட்டுக் காட்டுவதில்லை. போன வாரம் கிடங்கில் மணி அடித்தபோது கூட வேலை பார்க்கிறவர், "கதவு தொறந்திருந்துச்சுண்ணே, சும்மா கத்துது. அமுக்கிடவா?" என்று கையை நீட்டினார். மாமா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் அவர் மிரண்டுவிட்டார். "மன்னிச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டு மாமா குளிர் அறைக்குள் போனார். வேலை எதுவும் இல்லாமலே அங்கு நின்றார். காது மட்டும் கொதித்தது.

நேற்று அக்கா வந்தாள், தனியாக. பெட்டியின் இரைச்சலில் அவள் குரல் எடுபடவில்லை. கிட்டே வந்து சொன்னாள். "மறுபடி பாட ஆரம்பிச்சிருக்கேன்டா. தகர டப்பாவ உருட்டுன மாதிரி இருக்கு, சிரிக்காத. இருக்கிற குரலையாவது வச்சுக்கலாம்னு பதிஞ்சேன். போன் நெறஞ்சுபோச்சு. ஏத்திட்டுத் தொடச்சுக் குடு."

போனை நீட்டினாள்.

கூலிங் மாமா அதைப் பார்த்தார். "அக்கா, டிஸ்க்ல கோளாறு இல்ல."

"என்னது?"

"அன்னைக்கு அத்தான் காத வச்சப்ப அது கத்துச்சே. சூடு தாங்கலன்னு கத்துச்சு. சத்தமே வராதுன்னு பீத்திக்கிட்டு நின்னேனா, அசிங்கமாப் போச்சு. அமுக்கிட்டேன். அப்புறமும் மணியப் போடல. தெரிஞ்சேதான் போடல."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அக்காவின் கண் கலங்கியது, கழுத்துத் தழும்பு ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் நீட்டிய கை அப்படியே இருந்தது.

"சொல்லிட்டியா?" என்றாள். "சரி, பிடி. ஏத்து."

கூலிங் மாமா தன் இரண்டு கைகளையும் நம்பாதவர்போல முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.