கிளாக்கரய்யா எழுதிய அமெரிக்கா

அத்தானை நினைத்தால் அந்தத் தேயிலைப் பெட்டிப் பலகைதான் முதலில் கண்ணுக்கு வருகிறது. கரித்துண்டால் அதில் அமெரிக்காவின் கிழக்குக் கரையை வரைந்து, பதுளையில் எங்கள் துணிக்கடையின் பின்னறையில் சாய்த்து வைத்திருந்தார். சேலைக்கட்டு எடுக்கப் போகிறவர்கள் எல்லாம் அதில் முட்டிக்கொள்வார்கள். அத்தான் என் அக்காவின் கணவர். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர், அதாவது ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. அந்தத் தோட்டத்தை நடத்திவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு பழைய வெள்ளைக்கார துரை, சுமக்க மனமில்லாமல் விட்டுப்போன புத்தகங்களில், வெள்ளைக்காரர்கள் அமெரிக்காவில் முதன்முதலாகக் குடியேறிய சரித்திரமும் இருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனிதருக்கு வேறு நினைப்பே இல்லை. கொழும்பிலிருந்து மேலும் புத்தகங்களை வரவழைத்தார். அந்தச் சரித்திரத்தைத் தமிழில் தானே எழுதப்போவதாகச் சொன்னார். கொழும்பையே சரியாகப் பார்க்காத ஆள் அமெரிக்காவை எழுதுகிறாராம் என்று கடைத்தெரு சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

எழுதி முடித்த பகுதியை ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயில் வாசலில் உட்கார்ந்து லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் கூலிச் சனங்களுக்குப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். ஒருநாள், முதல் கப்பல்கள் கரை சேர்ந்ததையும் சனங்கள் பட்டினி கிடந்ததையும் படித்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒருவர் எழுந்து, "ஏனுங்கய்யா, அந்த ஆளுகளக் கூட்டியாந்த கங்காணி யாருங்க?" என்று கேட்டார். அவர்கள் எல்லோருமே சொந்த ஊரில் ஆள் திரட்டிய ஏதோ ஒரு கங்காணியின் பின்னால் கடல் தாண்டி வந்தவர்கள். கங்காணி கிடையாது என்று அத்தான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "கங்காணி இல்லாம எப்புடிங்க சனம் கப்பலேறும்?" என்று வாசலே சிரித்ததாம்.

அடுத்த வாரம் தொங்கிய முகத்தோடு கடைக்கு வந்தார். "என் புத்தகத்துல ராஜா இருக்கான், கவர்னர் இருக்கான். சனத்தக் கப்பல்ல ஏத்துனவன் யாருன்னு ஒரு வரி இல்ல மாப்பிள்ளை" என்றார். பல வருஷம் எழுதியதை மூட்டை கட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். இப்படி ஒரு கிறுக்கும் உண்டா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் தேடியவருக்குக் கிடைத்தது. துறைமுகங்களில் ஆசை காட்டி ஆள் பிடிக்கிறவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள். கப்பல் கூலிக்கு ஈடாக வருஷக்கணக்கில் உழைக்க எழுதிக்கொடுத்த ஏழை வெள்ளைக்காரர்கள், ஓடிப்போய்ப் பிடிபட்டால் இன்னும் அதிக காலம் உழைத்தார்கள். விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்களுக்கோ விடிவே இல்லை. இதையெல்லாம் ஒரு தனி அத்தியாயமாக எழுதி, கோயில் வாசலில் படித்தார்.

விஷயம் துரையின் காதுக்குப் போயிற்று. ஆபீசுக்குக் கூப்பிட்டு, "கிளாக்கர், வெள்ளைக்காரன் கூலியா இருந்தான்னு என் தோட்டத்துல படிக்காதே. அந்தப் பகுதிய எடு. இல்ல, வேலைய விடு" என்றாராம். குடியிருந்த வீடும் தோட்டத்து வீடுதான். பதறிப்போய் நான் மடுல்சீமைக்கு ஓடினேன். "அது ஒண்ணுதானே அத்தான், எடுத்துட்டாப் போச்சு" என்று கெஞ்சினேன். "அத எடுத்துட்டா, ஆளில்லாத கப்பல்தான் மாப்பிள்ளை மிஞ்சும்" என்றார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். அந்த இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர்களை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. வேலையை விட்டுவிட்டு இருவரும் பதுளையில் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள்.

புத்தகம் பிற்பாடு அச்சாகி, விற்றது பாதி, கறையானுக்குப் போனது பாதி. இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. அத்தான் வேலையை விட்ட அந்தக் காலத்தில் மடுல்சீமைச் சனம் பண்டிகைக்குத் துணி எடுக்க நடந்துதான் வரும். தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று அத்தானுக்கு உத்தரவு. அதனால் அந்த வருஷத் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்த அத்தியாயத்தையே படிக்கத் தொடங்கினார். வாங்கிய துணியை மடியில் வைத்துக்கொண்டு சனம் தரையில் உட்கார்ந்து கேட்டது. பாதியில் அதே துரை குதிரையில் வந்து நின்றார். துரையைக் கண்டால் எழுந்து ஒதுங்கிச் சலாம் போடுவது அவர்கள் உடம்பில் ஊறிய பழக்கம். வாசல் முழுக்க எழுந்துவிட்டது. அத்தான் எழவில்லை. தலையைக்கூட நிமிர்த்தாமல், ஓடிப்போன ஒருத்தியைத் தேடிப் பிடித்துவரும் இடத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அப்போது கொழுந்து பறிக்கும் ஒரு பெண், குதிரை அங்கேயே நிற்கும்போதே, "அப்புறம் அவள என்னங்கய்யா செஞ்சாங்க?" என்று கேட்டபடி தரையில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்திலிருந்தவர் உட்கார்ந்தார். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.