அத்தானின் உயரம்

முகநூலில் அத்தானிடம் அவருடைய உயரத்தைக் கேட்டவன் நான்தான். ஊரே பார்க்கிற இடத்தில், படத்துக்குக் கீழே கேட்டேன். இந்தப் பழியை வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாமா என்று இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், முடியவில்லை.

நெல்லியடியில் குடியிருந்து ரியூசனில் கணிதம் படிப்பிக்கிறேன். குருநகரில் தலைமுறையாக வலை இழுத்த குடும்பத்தில், கடலில் கால் நனைக்காமல் சோறு தின்கிற ஒரே ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. கூடப் படித்த ஒருவன் வெளிநாட்டில் சுறாக்களை ஆராய்கிறான். அருகிவரும் சுறாக்கள் என்ன பருமனில் பிடிபடுகின்றன என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கடலுக்குப் போகத் தேவையில்லை, சனங்கள் மீனோடு நின்று எடுத்துப் போடுகிற படங்களே போதும். பக்கத்தில் நிற்கிற ஆளின் உயரம் தெரிந்தால் விகிதம் போட்டு மீனின் நீளத்தை எடுத்துவிடலாம். எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். அதை அவனுக்குச் செய்துகொடுத்துவிட்டு நானும் ஒரு விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அக்காவின் புருஷன் ஒரு படம் போட்டிருந்தார். ஒரு வள்ளமும் ஒரு வலையும்தான் அவருடைய சொத்து. அந்த வலையில் சுற்றிச் செத்த திமிங்கிலச் சுறாவைக் கரைக்கு இழுத்துவந்து, அதன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அதைக் கரைக்குக் கொண்டுவரவே கூடாது, சட்டம் இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும், அவருக்கு அரைகுறையாகத் தெரியும். அவருடைய சினேகிதர் பத்துப்பேர் பார்த்து, பகிடி பண்ணி, அத்தோடு அந்தப் படம் மறந்துபோயிருக்கும்.

நான் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் நண்பன் ஒரு விதி வைத்திருந்தான்: பொதுவில் உள்ள தகவல் மட்டும்தான் செல்லும். மாணவர்களுக்கு விதி விதி என்று கத்துகிறவன் நான் மீறுவேனா? "அத்தான், உங்கடை உயரம் எவ்வளவு? ஆராய்ச்சிக்குத் தேவை" என்று எழுதினேன். நண்பன் நடத்துகிற முகநூல் குழுவிலும் படத்தைப் பகிர்ந்தேன். ஆராய்ச்சி என்றதும் அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அஞ்சடி எட்டு. எங்கடை வலையிலைதான் பட்டது. இண்டைக்கு விடியக் குருநகர்க் கரைக்குக் கொண்டு வந்தனாங்கள்."

வாக்குமூலம் எடுத்தாலும் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலைக் கத்தப் பண்ணினவன் நான்.

குழுவிலிருந்து யார் யாரோ பகிர்ந்தார்கள், திட்டினார்கள். மூன்றாம் நாள் அதிகாரிகள் வந்து வள்ளத்தையும் வலையையும் கொண்டுபோனார்கள். அத்தானை மறியலில் அடைத்து, பிறகு பிணையில் விட்டார்கள். வழக்கு தவணைக்கு மேல் தவணையாக இழுபடுகிறது. அத்தான் இன்னொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். அக்கா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு நண்பனின் அறிக்கை வந்தது. அத்தானின் படமும் இருந்தது, முகத்தை மட்டும் கறுப்புக் கட்டத்தால் மறைத்திருந்தார்கள். அவருடைய அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறார்களாம். கோதாரி விழ, பாதுகாக்க இனி என்ன மிச்சம்? ஆனாலும் அட்டவணையில் நான் போட்ட மீன் அளவைத் தேடிப் பார்த்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

போன நத்தாருக்குக் கிறிஸ்மஸ் கேக்கோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் குசினிக்குள் போய்விட்டாள். அத்தான்தான் வாசலில் வந்து என் தோளில் கைபோட்டார். நான் ஐந்தடி ஆறு. அவருடைய தலை என் காதுக்குப் பக்கத்தில் நின்றது.

"அத்தான், நீங்கள் அஞ்சடி எட்டு இல்லையே?"

அவர் சிரித்தபடி என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். "கலியாணம் பேசேக்கை சொன்ன உயரம், தம்பி. பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை."

இருபது வருடம் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். அளக்கிறவன் என்று பெயர், பக்கத்தில் இருந்த ஆளைப் பார்த்ததில்லை. அந்த வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அப்ப மீனின்ரை நீளமும் பிழை. திருத்த வேணும்" என்றேன்.

அக்கா குசினியிலிருந்து வந்தாள். என்னைப் பார்க்காமல் அத்தானைப் பார்த்துச் சொன்னாள்: "எங்கடை வள்ளத்தை எடுத்துத் தர வக்கில்லை. உவர் மீனைத் திருத்தப் போறாராம். எழும்பிப் போகச் சொல்லுங்கோ."

எழும்பி வந்தேன். பஸ்ஸில் இருந்தபடியே புதுக் கணக்கைப் போட்டு நண்பனுக்கு அனுப்பினேன். புத்தூர் தாண்டுவதற்குள் அவனிடமிருந்து நன்றி வந்துவிட்டது.