இரண்டு பூப்பொட்டலங்கள்

கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். மாணவர்களின் விண்ணப்பக் கட்டுரைகள் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். என் மகளுடையதை இரண்டு முறை திருத்தினேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வருடம் போயிற்று. அதற்கு நான்தான் காரணம்.

முதல் முறை அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மீடியா ஸ்டடீஸ் எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். இதை ஏன் படிக்க விரும்புகிறாய் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். சூலூரில் என் மனைவியின் பிறந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு விசைத்தறிக் கூடம் உண்டு. அங்கே வேலை செய்யும் பெண்கள் போனைத் தறியோரமாகச் சாய்த்து வைத்து சீரியல் பார்ப்பார்கள். தறிச் சத்தத்தில் ஒரு வசனமும் காதில் விழாது. ஆனாலும் கதையை முழுக்கச் சொல்வார்கள், ஆளுக்கொரு கதையாக. அதைத்தான் எழுதியிருந்தாள். இரண்டு இடத்தில் கமா போட்டேன். மற்றபடி திருத்த ஒன்றுமில்லை. நல்ல கட்டுரை என்று எனக்குத் தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

அதற்கு முந்தின வாரம் மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தார் அவளைப் பெண் கேட்டிருந்தார்கள். வீட்டில் யாரையும் கேட்காமல் சரி என்று சொல்லியிருந்தேன்.

விண்ணப்பம் அனுப்ப வேண்டிய நாளன்று மனைவி சொன்னாள். "பூக் கேட்டுப்போட்டு அனுப்பலாமுங்க."

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதற்கும் குலதெய்வத்திடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்பை இன்னொன்றாகவும் மடித்து அம்மன் முன்னால் போட்டு, கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

"மீடியா ஸ்டடீஸ்னா என்னன்னு உங்க அம்மனுக்குத் தெரியுங்களாம்மா?" என்று மகள் சிரித்தாள்.

"அவளுக்குத் தெரியாததா? வாயைக் கழுவு, அம்மணி."

பொட்டலம் மடிக்கும் வேலை என்னுடையது. இரண்டிலும் செவ்வரளியை வைத்து மடித்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை அதிகம் இருந்ததில்லை.

சூலூருக்கு அப்பால் இருக்கும் கோயிலில், மகளே ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"அம்மனுக்கு ஐதராபாத் பிரியாணி ஆகாதாட்ட இருக்குது" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன். வீட்டுக்கு வந்ததும், தெய்வம் சொன்னதை மீறிப் போனால் தன் உயிர் தங்காது என்று மனைவி அழுதாள். மகள் லேப்டாப்பை மூடினாள். மூன்றாம் மாதம் கல்யாணம்.

மருமகன் நல்ல மனிதர். அது எனக்குச் சாதகமான விஷயம் அல்ல. எப்படிப்பட்டவர் என்று விசாரிக்காமல்தான் நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு அம்மன் தடுத்ததெல்லாம் நல்லதுக்குத்தான் கண்ணு" என்றாள். மகள் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நாளில் மனைவி போய்விட்டாள்.

இந்த வருடம் மகள் போன் செய்தாள். "அப்பா, மறுக்கா அப்ளை பண்றனுங்க. அதே கோர்ஸ். இப்ப ஊட்ல இருந்தே படிக்கலாமுங்க."

கட்டுரையை அனுப்பினாள். மண்டியிலிருந்து பாக்கு விவசாயிகளுக்கு அன்றாட விலையை அவள்தான் வாட்ஸப்பில் பேசி அனுப்புகிறாளாம். எழுதி அனுப்பினால் நம்பாதவர்கள் குரலைக் கேட்டால் நம்புகிறார்கள், அது ஏன் என்று எழுதியிருந்தாள். முதல் கட்டுரையை விட நன்றாக இருந்தது. இந்த முறை சொன்னேன்.

"நாளைக்குக் கடைசி நாளுங்க. பூக் கேட்டுப்போட்டு அனுப்பறேன். நீங்களே மடிச்சுக் கொண்டாந்துருங்க" என்றாள். குரலில் சிரிப்பு இல்லை. அந்த நம்பிக்கை அவளுக்கு என்னால் வந்தது.

காலையில் பூ மார்க்கெட்டில் வெள்ளை அரளி மட்டும் கேட்டேன். "பூக் கேக்கவா சாமி? செவப்பு வேண்டாமுங்களா?" என்றாள் கடைக்காரம்மா. வேண்டாம் என்றேன். செய்ததைச் சரி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மகள் காரை ஓட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து தனியாகக் கோயிலுக்கு வந்திருந்தாள். கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டாள். எடுத்தாள். பிரித்தாள்.

"ஒம்பது வருசம் கழிச்சு அம்மன் உட்டுட்டா பாருங்கப்பா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்றப் பொட்டலத்தை எடுத்துக் கிணற்றுப் பக்கம் திரும்பினாள்.

"அதையும் பிரி, அம்மணி."

"பிரிக்கக் கூடாதுங்கப்பா."

"பிரி."

பிரித்தாள். இரண்டு கையிலும் இருந்த வெள்ளைப் பூவை மாறி மாறிப் பார்த்தாள். நான் சொல்லும் முன்பே அவள் கேட்டாள்.

"அன்னிக்கு?"

"ரெண்டும் செவப்பு."

"அம்மாவுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது."

கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு காரிலிருந்து லேப்டாப்பை எடுத்து வந்து மடியில் வைத்து, கட்டுரையை முதலிலிருந்து ஒருமுறை படித்தாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அம்மன் பக்கமும் திரும்பவில்லை.

என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு சூலூர் வந்தாள். பஸ் ஸ்டாண்டில் காரை நிறுத்தினாள்.

"நீங்க பஸ்ல போயிருங்க."

இறங்கினேன். கோவை காந்திபுரம் பஸ் வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். சிங்காநல்லூர் தாண்டியும் வரவில்லை.