நேற்றும் பார்த்த நர்ஸ்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என் கணவரின் வாய் ஒரு பக்கம் கோணியது. என்ன என்று கேட்டேன். பதில் குழறியது. வங்காளத்தில் நாங்கள் குடியிருக்கும் லேக் மார்க்கெட்டிலிருந்து டாக்சி மருத்துவமனையை அடைவதற்குள் வலக்கை விழுந்துவிட்டது. பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவது).

உயிர் பிழைத்து வார்டுக்கு வந்தார். விழுங்கும் சக்தி குறைந்திருப்பதால், தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

வார்டில் தினமும் புதுமுகம். காலையில் வந்த நர்ஸை மறுநாள் காணோம். எதையோ மறைக்கத்தான் ஆட்களை மாற்றுகிறார்கள் என்று நினைத்தேன்.

"உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்மா" என்றாள் மகள் வித்யா.

ஒரு மதியம் மருந்து வாங்கித் திரும்பியபோது, புதிதாக வந்த நர்ஸ் அவருக்கு வெறும் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். அவர் இருமி இருமி முகம் சிவந்துபோனார். வங்காள மொழியில் கத்தினேன்.

"மாஷிமா, இன்னிக்குத்தான் இந்த வார்டுக்கு அனுப்பினாங்க. யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்றாள். மாஷிமா என்றால் சித்தி. அவள் பெயர் சுப்ரா.

மறுநாள் காய்ச்சல். நுரையீரல் அழற்சி (விழுங்கியது வழிதவறி நுரையீரலுக்குள் போனாலும் வரும்). இந்த நோயில் இது சகஜம் என்றார் டாக்டர். நான் நம்பவில்லை.

நர்ஸிங் கண்காணிப்பாளரிடம் போனேன். "என் கணவருக்கு நர்ஸ் யார்?"

"எல்லாருமே பாப்பாங்க."

"நேத்து அவர் எப்படி இருந்தார்னு யாருக்குத் தெரியும்?"

ஆள் போதாததால், இருப்பவர்களை அன்றன்றைக்கு எங்கே தேவையோ அங்கே அனுப்புவதாக அவர் ஒப்புக்கொண்டார். கடைசியில், பகலில் ஒருவரையே நிலையாகப் போட்டார். அதே சுப்ராவை. அவள் கை அசையும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காய்ச்சல் விட்டு, கூழ் ஊட்டத் தொடங்கிய சில நாட்களில், சுப்ரா கரண்டியைப் பாதியில் கீழே வைத்தாள்.

"நேத்து இவர் குரல் இப்படியில்ல மாஷிமா. தொண்டையில தண்ணி நிக்கற மாதிரி ஈரமா கேக்குது."

எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவள் கூப்பிட்டு டாக்டர் வந்து நெஞ்சைச் சோதித்தார். உணவு மறுபடி வழிதவறத் தொடங்கியிருந்தது. வாய்வழி உணவை உடனே நிறுத்தி மூக்கில் குழாய் போட்டார்கள். அதனால் இரண்டாம் காய்ச்சல் வரவில்லை.

வார்டு வாசலில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: டாக்டர் யார் என்பதோடு நிறுத்தாதீர்கள். இன்றைக்கு நர்ஸ் யார், நாளைக்கும் அவரேதானா என்று கேளுங்கள்.

குழாயை எடுத்துவிட்டார்கள்; இப்போது வீட்டில் அவரே சாப்பிடுகிறார். ஒரு கிண்ணம் தயிர்சாதம் முடியப் பொழுது போய்விடுகிறது. அவர் தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.

"ஏதாவது பேசுங்கோ" என்கிறேன்.

"என்ன பேசறது?" என்கிறார்.

அந்தக் குரலில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன்.