ரோஜாத் தொட்டியில் ஓக் கன்று

சுதந்திரம் வந்த புதிது. பெங்களூரில் அரசுத் தோட்டத்தில் என் கணவருக்கு வேலை. மலைக்காடுகளில் வெட்டி வெட்டி அருகிப்போன ஓக் மரத்தின் விதைகள் ஒரு பை வந்தன. கத்தரி விதையைக் காயவைப்பதுபோல அவற்றையும் எங்கள் அல்சூர் வீட்டு மொட்டைமாடியில் பரப்பினார். அணில் ஒன்று திருடியது. "சனியனே!" என்று கம்பெடுத்துத் துரத்தினார்.

காய்ந்த விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஈரம் போனால் அந்த விதை செத்துவிடுமாம். அவருக்குச் சோறே இறங்கவில்லை.

மழை பெய்தபின் என் ரோஜாத் தொட்டியில் புதுக் கன்று ஒன்று எட்டிப் பார்த்தது. "ஓக் கன்னுடி! அந்த அணில் புதைச்சிருக்கு!" என்று குதித்தார்.

இப்போது அது தோட்டத்தில் ஆளுயரம் நிற்கிறது. நான் வடகம் காயவைத்தால் அவர்தான் கம்போடு காவல். காக்கையை விரட்டுவார். அணில் வந்தால் கம்பைக் கீழே வைத்துவிடுவார்.